கோல்கீப்பர் போன வழி

சித்தி எக்ஸ்ரே எடுப்பவள். மூச்சை இழுங்க, அப்படியே பிடிங்க, விடுங்க என்று பகலெல்லாம் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்தால் கால்பந்தாட்டக்காரர்கள் படம் போட்ட அட்டைகளை அடுக்குவாள். கல்யாணத்துக்கு அவள் பிடி கொடுக்காததற்கு அந்த அட்டைகள்தான் காரணம் என்பது அம்மாவின் கட்சி.

வேற்றூர் பஸ் டிரைவர் ஒருவரோடு பல வருஷமாகத் தபாலில் அட்டை மாற்றிக்கொண்டிருந்தாள். நேரில் பார்த்ததில்லை. அவர் சேகரிப்பில் ஒரு கோல்கீப்பர் மட்டும் குறை. அச்சானதே கொஞ்சம், விற்றால் மோட்டார் பைக் வாங்கலாம். சித்தியிடம் ஒன்று இருந்தது. டிரைவருக்கு நெஞ்சில் ஏதோ கோளாறு என்று தெரிந்ததும், பதிலுக்கு எதுவும் கேட்காமல் அனுப்பிவிட்டாள். வளையாமலிருக்க ஒரு பழைய எக்ஸ்ரே படத்தின் மேல் அட்டையை வைத்து, கழுவித் துடைத்த வெறும் ஃபிலிமால் மூடி, ஓரமெல்லாம் ஒட்டி, ஆஸ்பத்திரியின் பழுப்பு உறையில் போட்டாள்.

போய்ச் சேரவில்லை.

தபால் ஆபீஸில் கையை விரித்தார்கள். போனால் போகட்டும் என்றார் டிரைவர். அந்தப் பெருந்தன்மைதான் சித்தியை அரித்தது. அனுப்பவே இல்லை என்று மனுஷன் நினைத்திருப்பார், வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான் என்றாள். அவர் போன் வந்தால் எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். அட்டைப் பெட்டி கட்டிலுக்கு அடியில் போனது. அம்மாகூடக் கேலியை நிறுத்திவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் விடாமல் அடித்தது. நான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

டிரைவர் சிரித்துச் சிரித்து இருமினார். உறை அப்போதே வந்துவிட்டதாம். வாங்கியது அவருடைய அக்கா. தம்பியின் எக்ஸ்ரேதான் என்று மருத்துவ ஃபைலில் சொருகிவிட்டாள். முந்தின நாள் டாக்டர் அதை எடுத்து விளக்கில் மாட்டி, நுரையீரல் பளிச்சென்று இருக்கிறதே, சிகரெட்டை விட்டுவிட்டீர்களா என்று கேட்டிருக்கிறார். இவரும் கூசாமல் ஆமாம் என்றிருக்கிறார். அப்புறம்தான் நெஞ்சுக்கு நடுவிலிருந்த கறுப்புக் கட்டத்தைக் காட்டி, இது என்ன என்றாராம் டாக்டர்.

"நான் என்னத்தச் சொல்ல? எங்க கோல்கீப்பருன்னேன்."

சித்தி முகத்தைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"அது இருக்கட்டும். அந்த நெஞ்சு யாருது மேடம்?"

சித்தி கையை எடுத்தாள். "அடுத்தவங்க படத்தையெல்லாம் வெளிய அனுப்பக் கூடாதுங்க."



"அப்ப டாக்டர் மெச்சினது உங்க நுரையீரலயா?"

"ஆமா. நீங்க முதல்ல அந்தச் சிகரெட்ட விடுங்க."

சொல்லிவிட்டு, ஸ்பீக்கரை அணைத்து, போனோடு மாடிக்குப் போனாள்.