அத்தை போட்ட சோறு

அத்தை மகன் கல்யாண வீடியோவில் அப்பா விழுந்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டார்கள். பந்தியில் அத்தை தன் தம்பிக்கு அள்ளி அள்ளி வைப்பது மட்டும் சினிமாப் பாட்டோடு ஓடுகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்பா மூக்கண்டப்பள்ளியில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டியவர். பார்க்கின்சன் நோய் வந்தபோது கை நடுங்கியது எல்லோர் கண்ணிலும் பட்டது. உள்ளே நடந்தது யாருக்குத் தெரியும்? குழம்பு வாசனைகூடத் தெரியாது, மலம் கட்டிக்கொள்ளும், உடம்பு இளைத்துக்கொண்டே போனது. எழுந்து நின்றால் பிரஷர் சடாரென்று இறங்கிக் கண் இருட்டும். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு எழுந்தால் இன்னும் மோசம். கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை கொடுங்கள், உப்பைச் சற்றுக் கூட்டுங்கள், சாப்பிட்டதும் எழுப்பாதீர்கள் என்று ஓசூர் டாக்டர் சொன்னதை அம்மா அப்படியே செய்தாள். சொந்தக்காரர்கள் பார்த்தது சின்னக் கிண்ணத்தில் சோறும், எலும்பும் தோலுமான புருஷனும்தான். "தளதளன்னு இருந்த எந்தம்பிய இவ பட்டினி போட்டே கொல்றா" என்று அத்தை கிருஷ்ணகிரி முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். ஒரு நாள் வந்து அவர் வேட்டியைத் துவைத்துப் போட்டிருப்பாளா? வாய் கிழியப் பேசத்தான் தெரியும்.

கல்யாணத்தன்று அத்தையே சாம்பார் வாளியோடு அப்பா முன்னால் வந்து நின்றாள்.

"போதுங்க அண்ணி, ஒரேயடியா சாப்பிடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு" என்றாள் அம்மா.

"நீ அளந்து போட்டதெல்லாம் போதும். இன்னிக்கு நான் போடறேன்."

அப்பாவின் குரல் நோயில் தேய்ந்துபோயிருந்தது. வேண்டாம் என்று அவர் சொன்னது மேளச் சத்தத்தில் அமுங்கிவிட்டது. தன் அக்கா மனசு நோகக் கூடாதென்று சாப்பிட்டார். கை கழுவியதும் போட்டோ எடுக்க அத்தை அவரை மேடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். நின்றார். முகம் வெளுத்தது. அப்படியே சரிந்தார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அந்த நேரத்திலும் அத்தை மண்டபமே கேட்கக் கத்தினாள்: "பாத்தீங்களா, சோறு இல்லாம மயங்கி விழறான்!" அத்தனை சனமும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தது. பாவி, அவர் வாயில் இவள் போட்ட சோறு இன்னும் காயவில்லை!

அப்பா அப்புறம் எழவே இல்லை. சில மாதம் படுக்கையில் கிடந்து போய்ச் சேர்ந்தார். காரியத்தன்று படத்துக்கு முன்னால் இலை போட்டதும், அத்தை மூக்கைச் சிந்திக்கொண்டே சோற்றைக் குவிக்க ஆரம்பித்தாள். அன்றைக்குத்தான் அம்மா எல்லோர் முன்னாலும் வாயைத் திறந்தாள்.

"நல்லாப் போடுங்க அண்ணி. இனிமே அவரு எந்திரிக்கவும் மாட்டாரு, விழவும் மாட்டாரு."

அத்தை கரண்டியைக் கீழே வைத்தாள். எனக்கு அது போதவில்லை.