சிக்னலில் தூங்கிவிழுந்த சிவப்பு கார்

1. கேம்ப் ரோடு சிக்னல்

ஃப்ளோரா மேடம் போன் செய்தபோது பின்னணியில் ஹார்ன் சத்தம் காதைக் கிழித்தது. கேம்ப் ரோடு சிக்னலில் பச்சை விழுந்துவிட்டது, இவருடைய கார் மட்டும் நகரவில்லை. பின்னால் நின்ற பஸ்ஸின் டிரைவர் தலையை வெளியே நீட்டிச் சொன்னது எனக்கே போனில் தெளிவாகக் கேட்டது.

"இன்னாம்மா, ரேஸ் வண்டி வாங்கிகினு நடுரோட்டுல தூங்கினு கீற?"

மேடம் பிசிக்ஸ் டீச்சராக இருந்து, ஹெட்மிஸ்ட்ரஸாக ரிட்டயர் ஆனவர். அவரிடம் இந்தத் தொனியில் யாரும் பேசியிருக்க மாட்டார்கள். ரிட்டயர் ஆன கையோடு, சிவப்பு நிறத்தில் இரண்டே சீட் உள்ள ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினார். ஊர் வாயை மூட முடியுமா? அதிலும் முதலில் வாயைத் திறந்தவர் அவருடைய கணவர் எட்வின் சார்தான். "இந்த வயசுல இது தேவையா?" என்று சர்ச் வாசலில் எல்லோர் முன்னாலும் கேட்டார். எட்வின் சார் சர்ச் கமிட்டியில் மூத்தவர். போதை ஒழிப்பைப் பற்றிப் பேசச் சொன்னால் சிகரெட்டில் ஆரம்பித்து மூக்குப்பொடி வரை ஒன்றையும் விட்டுவைக்காமல் வாங்கு வாங்கென்று வாங்குவார்.

காருக்கு வந்த நோய் ஐடிலில். ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் வண்டி சும்மா நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகம்தான் ஐடில். மேடத்தின் கார் ஓட்டும்போது சீறிக்கொண்டு போகும். சிக்னலில் நின்றால் இன்ஜின் வேகத்தைக் காட்டும் ஆர்.பி.எம். முள் மெல்லக் கீழே விழும், திடுக்கிட்டு எழும், மறுபடியும் விழும். கடைசியில் ஒரு குலுக்கல் குலுக்கி அணைந்துவிடும். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகுதான் இந்தக் கூத்தெல்லாம்.

"பாஸ்கர், சனிக்கிழமைக்குள்ள இத சரி பண்ணியே ஆகணும்" என்றார் மேடம், வண்டியை ஒருவழியாக என் கராஜுக்குக் கொண்டுவந்து சேர்த்த பிறகு. "டேனி பொத்தேரியிலேர்ந்து ஒருத்தர வரச் சொல்லியிருக்கான், வண்டியப் பாக்க. அதுக்குள்ள சரியாகலன்னா வித்துடலாம்னு நானே வாக்கு குடுத்துட்டேன்."

டேனி அவருடைய மகன். கேளம்பாக்கம் பக்கம் ஐ.டி. கம்பெனியில் வேலை. அவன் கெட்டவன் இல்லை, அம்மா தனியாக எங்காவது நட்டநடு ரோட்டில் நின்றுவிடுவாரோ என்ற பயம்தான். மேடம் பேசிக்கொண்டே காரின் கூரையைத் துப்பட்டா நுனியால் துடைத்தார். எனக்கு மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது.

2. என் கராஜில் ஒரு குறையும் இல்லை

நான் பெரிய சர்வீஸ் சென்டரில் இருந்துவிட்டு வெளியே வந்து, சேலையூரில் சொந்தமாகக் கராஜ் போட்டவன். ஸ்கேனர் இருக்கிறது, இன்ஜினுக்குள் புகை விட்டுப் பார்க்கும் மெஷின் இருக்கிறது, இவை இரண்டையும் விடப் பெரிதாக மிதப்பும் இருக்கிறது. "நாளைக்கே எடுத்துக்கலாம் மேடம்" என்றேன்.

பானட்டைத் திறந்தேன். உள்ளே காய்ந்த இலைகள், ஒரு கோழி இறகு, எலிக்காகக் கட்டிய ஒரு புகையிலை மூட்டை. எங்கள் பக்கத்தில் இது சகஜம். இன்ஜின் சூட்டுக்கு எலி ஏறி வயரைக் கடித்துவிடும், அதற்கு ஆளுக்கொரு கைவைத்தியம். சிலர் பாச்சை உருண்டை போடுவார்கள், சிலர் புகையிலையைத் துணியில் முடிந்து தொங்கவிடுவார்கள். நான் சுத்தக்காரன். எல்லாவற்றையும் பிடுங்கிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுத்தான் ஸ்பேனரைக் கையில் எடுத்தேன்.

இன்ஜினுக்குள் காற்றை அளந்து விடும் த்ராட்டில் பாடியில் கரி படிந்திருந்தது. கழற்றி, கிளீனர் அடித்து, துடைத்து மாட்டினேன். ஸ்டார்ட் செய்தால் முள் ஆணி அடித்ததுபோல் நின்றது. சூடாகும்வரை ஓடவிட்டேன். அப்போதும் அசையவில்லை. மேடம் சந்தோஷமாக ஓட்டிக்கொண்டு போனார்.

மறுநாளே போன். "பாஸ்கர், வேளச்சேரி ரோட்டுல நிக்கிறேன். நிக்கிறேன்னா, வண்டி நின்னுடுச்சு."

மறுபடியும் பானட், மறுபடியும் இலை, மறுபடியும் ஒரு புது மூட்டை. விடமாட்டார்கள் போலிருக்கிறதே என்று முணுமுணுத்துக்கொண்டு அதையும் கூடையில் எறிந்தேன். இந்தத் தடவை ஸ்கேனர் 'லீன்' என்றது. அதாவது பெட்ரோலுக்குத் தேவையானதைவிட அதிகமாகக் காற்று எங்கிருந்தோ உள்ளே போகிறது. வேறென்ன, குழாய் எங்கோ லீக் என்று புகை மெஷினை மாட்டினேன். லீக் இருந்தால் அந்த இடத்தில் புகை வெளியே வரும். ஒரு இழைகூட வரவில்லை. ஸ்பார்க் பிளக்கை மாற்றினேன், காற்றை அளக்கும் சென்சாரைக் கழுவினேன். வண்டி என் கராஜில் சாதுவாக ஓடியது.

"லீக்கே இல்ல மேடம், அடிச்சு சொல்றேன்" என்றேன். அப்படிச் சொன்ன வாய்க்கு வெல்லப்பாகு ஊற்றி ஒட்டியிருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வண்டி சானடோரியம் பக்கம் நின்றது. இந்தத் தடவை மேடம் கோபப்படவில்லை. வகுப்பில் கணக்குத் தப்பாகப் போட்ட பையனிடம் பேசும் குரலில் கேட்டார். "பாஸ்கர், உங்ககிட்ட இருக்கும்போது நல்லாயிருக்கு. எங்க வீட்டுக்கு வந்தா கெட்டுப்போகுது. அப்போ ரெண்டு எடத்துக்கும் நடுவுல ஏதோ ஒண்ணு மாறுதுல்ல? அது என்ன?"

"நாளைக்கு நானே வீட்டுக்கு வரேன் மேடம். அதுவரைக்கும் வண்டிய யாரும் தொடவேணாம்" என்றேன்.

3. விரல் நுனி வைத்தியம்

சனிக்கிழமை மத்தியானம் போனேன். டேனி வாசலில் நின்று போனில் பொத்தேரிக்காரருக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தான். எட்வின் சார் குரோட்டன்ஸ் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

இந்தத் தடவை நான் முதலில் பானட்டைத் திறக்கவில்லை. மேடத்தை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டுச் சும்மா நின்றேன். இன்ஜின் சூடேறியது. முள் ஆட ஆரம்பித்தது. விழுந்தது, எழுந்தது, விழுந்தது. அணைவதற்குள் பானட்டைத் தூக்கினேன். 'உஸ்' என்று ஒரு சத்தம். மெல்லிய ரப்பர் குழாய் ஒன்றில் புகையிலை மூட்டை தொங்கிக்கொண்டு ஆடியது. குழாயின் கிளிப் எப்போதோ கழன்று விழுந்திருக்கிறது. சூட்டில் ரப்பர் இளகியதும், மூட்டையின் கனம் குழாயைக் கீழே இழுத்து ஒரு பக்கம் வாய் பிளக்கவைத்திருந்தது. அந்த வழியாகத்தான் இன்ஜின் திருட்டுக் காற்று குடித்தது.

மூட்டையை ஒரு விரலால் தூக்கினேன். முள் நின்றது. விட்டேன், விழுந்தது. தூக்கினேன், நின்றது. கராஜில் நான் முதல் வேலையாகக் குப்பையில் போட்டது நான் தேடிய கோளாறைத்தான் என்று அப்போது உறைத்தது. மூட்டையை எடுத்தவுடன் குழாய் எழும்பித் தன் இடத்தில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் எத்தனை புகை விட்டால் என்ன, எங்கிருந்து வரும்?

"மேடம், எலிக்கு இத நீங்கதான் கட்டினீங்களா?"

"எலியா? இது என்ன மூட்டை?"

டேனியைப் பார்த்தேன். அவன் குனிந்து முகர்ந்துவிட்டு, "ஐயோ, புகையிலையா!" என்று பின்வாங்கினான். அப்போது எட்வின் சாரின் கையில் இருந்த குழாயிலிருந்து தண்ணீர் செடியை விட்டுவிட்டு அவர் செருப்பின் மேலேயே கொட்டிக்கொண்டிருந்தது. மூன்று பேரும் அவரையே பார்த்தோம்.

"பக்கத்து வீட்டுக்காரர் வண்டில எலி வயரக் கடிச்சிடுச்சு" என்றார் அவர், செடியைப் பார்த்தபடி. "உன் வண்டிக்கும் ஏதாவது ஆயிடப்போகுதேன்னு..."

"அதுக்கு? புகையிலை எங்க வாங்கினீங்க?" என்றார் மேடம்.

"படப்பையில."

"படப்பையா? தெருமுனையில கடையில்லையா?"

"இங்க எல்லாக் கடையிலயும் நான் பேசினதக் கேட்டவன்தான் இருக்கான், ஃப்ளோரா. எப்படிப் போய் கேக்கிறது? பஸ்ஸ புடிச்சி படப்பைக்குப் போனேன். ஒவ்வொரு தடவையும் மூட்டை காணாமப் போச்சு. எலிதான் இழுத்துட்டுப் போகுதுன்னு நெனச்சி, கடைசியில கொஞ்சம் பெருசா கட்டினேன்."

மேடம் கார் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கும் அடக்க முடியவில்லை. ஊர் முழுக்க காரைத் திட்டிவிட்டு, திருட்டுத்தனமாகப் பஸ் ஏறிப் போய் அதே காருக்குக் காவல் வைத்த மனிதரை என்னவென்று சொல்வது? அவர் மேல் எனக்குப் பெரிய பிரியம் வந்துவிட்டது.

குழாயைச் சரியாக மாட்டிப் புது கிளிப் போட்டேன். மூட்டையைக் குழாய் பக்கமே போகாதபடி இரும்புச் சட்டத்தில் கட்டினேன். இவ்வளவு தூரம் போய் வாங்கியதை எறிய மனம் வரவில்லை.

அதற்குள் பொத்தேரிக்காரர் வந்து சேர்ந்தார். இன்ஜின் சத்தத்தைக் கேட்டதும் மனிதர் மயங்கிவிட்டார். "சூப்பர் கண்டிஷன் சார்!" என்று காரைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"டேனி, சரியாயிடுச்சுல்ல? அப்போ விக்க வேணாம்" என்றார் மேடம்.

டேனி தயங்கினான். "இன்னிக்கு சரியாயிடுச்சும்மா. நாளைக்கு வேற ஏதாவது ஆச்சுன்னா? நீங்க தனியா ஓட்டிட்டுப் போறீங்க. அதுதான் எனக்குப் பயம்."

மேடத்தின் முகம் வாடியது. பொத்தேரிக்காரர் ஒரு ரவுண்டு போய்ப் பார்க்கலாமா என்று கேட்டுக்கொண்டே பக்கத்து சீட் கதவை நோக்கிக் கையை நீட்டினார். அவருக்கு முன்னால் எட்வின் சார் போய்க் கதவைத் திறந்தார். அந்தக் காரில் அவர் அதுவரை ஏறியதே இல்லை. நனைந்த செருப்போடு, முழங்காலை மடக்கி, முனகிக்கொண்டு உள்ளே இறங்கி உட்கார்ந்தார். சீட் பெல்ட் எங்கிருந்து வருகிறது என்று தடவித் தேடினார்.

"இனிமே தனியா போகமாட்டாடா" என்றார் மகனிடம். "ஃப்ளோரா, எடு வண்டிய."

கார் போய்விட்டது. வாங்க வந்தவர், விற்க நினைத்தவன், ரிப்பேர் பார்த்தவன் மூன்று பேரும் கேட்டருகே நின்றோம். "எப்ப சார் திரும்பி வருவாங்க?" என்றார் பொத்தேரிக்காரர். டேனி சிரித்துவிட்டான். "டீ சாப்பிட்டுப் போங்க சார்" என்று அவரை உள்ளே கூப்பிட்டான்.

புதிதாகத் தொழிலுக்கு வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வண்டியைச் சுத்தம் செய்வதற்கு முன் அது வந்த கோலத்திலேயே ஓடவிட்டுப் பாருங்கள். குப்பை என்று நீங்கள் எடுத்துப் போடுவதிலேயே கம்ப்ளெய்ண்ட் இருக்கலாம். நானும் இப்போதெல்லாம் பானட்டைத் திறப்பதற்கு முன்னால், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன்.