கண்ணாடிப் பெட்டியில் ஓடிய ஆறு

மண்ணுக்கடியில் கிடக்கும், பார்க்கவே முடியாத தண்ணீருக்குக் கணக்குச் சொல்வதுதான் அறுபதுகளில் என் உத்தியோகம். மேலதிகாரியின் அவசரத்துக்கு ஓடிப் பிழைத்த அன்பர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும். பழனி மலையடிவார ஆற்றுப்படுகையில், மேலப்படுகைக்காரர்கள் பன்னிரண்டு கிணறுகளுக்குக் கரண்டு மோட்டார் கேட்டிருந்தார்கள். அவை ஓடினால் கீழப்படுகைக் கிணறுகள் தாங்குமா என்று நான் கோடைக்குள் சொல்லியாக வேண்டும். கீழே ஒற்றைக் கிணற்றை நம்பி வெங்காயம் போட்டிருந்த அழகம்மாள் அக்கா பார்க்கும்போதெல்லாம் இதையேதான் கேட்பார். எனக்கு உட்கார்ந்தால் இருப்புக்கொள்ளாது.

கூக்கால் மழை

படுகைக்குத் தண்ணீர் மலையிலிருந்துதான் வரவேண்டும். அதனால் மேலே கூக்கால் என்ற மலைக்கிராமத்தில் ஒரு மழைமானி வைத்து, தினமும் பார்த்து எழுத ஒரு விவசாயியை ஏற்பாடு செய்திருந்தோம். அவர் நோட்டில் ஐப்பசி முழுக்கப் பூஜ்யம். அடைமழை மாதத்திலா? காய்கறி லாரியில் பாதி, அட்டைக்கடியோடு நடை பாதி என்று போய்ச் சேர்ந்தேன். மழை கொட்டுகிறது, மானியைத் தார்ப்பாயால் போர்த்திக் கயிறு கட்டி வைத்திருக்கிறார். நான் கத்தியதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “சர்க்கார் சாமானுங்க, நனைஞ்சு வீணாப் போச்சுன்னா நான்ல பதில் சொல்லணும்!”

இருபது கிணறு, ஒரே நாள்

விட்டுப்போன மழையைக் குத்துமதிப்பாக, கொஞ்சம் தாராளமாகவே நானே எழுதிக்கொண்டேன். அடுத்தது கிணறுகள்; இருபதையும் ஒரே நாளில் அளந்தாக வேண்டும். சாக்பீஸ் தேய்த்த இரும்பு நாடாவை உள்ளே இறக்கினால், நனைந்த இடம் தண்ணீர் மட்டத்தைச் சொல்லும். தலையாரி மூலம் முன்கூட்டியே தகவல் அனுப்பிவிட்டுப் போவது எங்கள் ஆபீஸ் வழக்கம்.

மேலப்படுகையில் பங்குனி வெயிலிலும் கிணறுகளில் தண்ணீர் மேலேயே நின்றது. கவலை கட்டிக் கிணற்று நீர் இறைக்கும் மாடுகள் மரத்தடியில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. வெயிலுக்கு ஓய்வு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மோட்டாருக்கு மனுப் போட்டவர்களில் மூத்தவரான ரங்கசாமி, இளநீரை நீட்டியபடி சொன்னார்: “எங்க தண்ணி மரியாதை தெரிஞ்சதுங்க. ஆபீசர் வந்தா தானா மேல வந்துரும்.”

பஸ்ஸில் போன படுகை

ஆபீஸில் ஒரு கண்ணாடிப் பெட்டி செய்து, அதே ஆற்றின் மணலை நிரப்பினேன். மலைப்பக்கம் மழைக் கணக்குப்படி நீல மைத்தண்ணீர் ஊற்ற வேண்டும். கிணறுகளுக்குப் பதில் நட்ட குழாய்களில், நான் அளந்த மட்டம் வரவேண்டும். மணலைக் கிளறிக் கிளறி, ஒரு வழியாக வந்துவிட்டது! மேலே பன்னிரண்டு குழாயில் மோட்டார் போல உறிஞ்சியும் கீழ்க்குழாய்களில் தண்ணீர் நின்றது. அதிகாரி கோடைக்காக மலைமேல் நாயுடுபுரத்தில் தங்கியிருந்தார். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் மலை ஏறினேன். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் படுகை என் வேட்டியில் வழிந்தது. அவர் எட்டிப் பார்த்து, “வெரிகுட்” என்று மோட்டார் மனுவில் கையெழுத்துப் போட்டார்.

இறங்கியதும் அழகம்மாள் அக்காவிடம் ஓடினேன். பெட்டியிலேயே ஓடவிட்டுப் பார்த்தாயிற்று, தாங்கும் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. “படிச்ச புள்ள சொன்னாச் சரிதான். சும்மா கெடக்குற மேக்கு வயல்லயும் வெங்காயம் ஊனிர்றேன்.”

அழகம்மாள் கிணறு

மேலே பன்னிரண்டு மோட்டாரும் ஓட ஆரம்பித்தன. மறுவருஷம் சித்திரையில் போனபோது, அவர் கிணற்றின் அடியில் சேறு வெடித்திருந்தது. இரண்டு வயலிலும் வெங்காயத்தாள் கருகிக் கிடந்தது. “நீங்க அளக்க வர்றதுக்கு மூணு நாளைக்கு முந்தியே மேலப்படுகையில எறைக்கிறத நிறுத்தி மாட்ட அவுத்துட்டாங்கள்ல தம்பி? தண்ணி கெடக்குன்னு எழுதுனாத்தான் கரண்டு வரும்னு. ஊருக்கே தெரியும். ஒங்களுக்கும் தெரிஞ்சுதான் எழுதுறீங்கன்னு நெனச்சேன்” என்றார்.

தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. தெரியும் என்றும் சொல்ல முடியாது. நாடாவை வெறுமனே சுற்றிக்கொண்டு நின்றேன். அவர் திட்டவில்லை, காலிக் குடத்தை என் காலடியில் கொண்டுவந்து வைத்தார். “அந்தப் பெட்டியில இன்னும் தண்ணி ஓடுதுல்ல? அதுலருந்து ஒரு கொடம் ஊத்திட்டுப் போங்க.”

அதற்குப் பிறகு, கடைசியாக எப்போது இறைத்தீர்கள் என்று கேட்காமல் எந்தக் கிணற்றிலும் நாடாவை நான் இறக்கியதில்லை. கேட்டால் மட்டும் உண்மையைச் சொல்லிவிடுவார்களா என்பது வேறு சங்கதி.