வெளிக்குசினிக்கு வந்த தண்டம்

எனக்கு எழுத்து வராது. ஊரில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. இங்கே தொழிற்சாலையில் துணி மடித்த காலத்தில் கையெழுத்து வைப்பதற்குத்தான் பேனா பிடித்தேன். எது முந்தி நடந்தது, எது பிந்தி என்பதும் இப்போது குழம்புகிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டென்மார்க்கில் இக்காஸ்ட் என்ற ஊரில் நாங்கள் வாங்கிய வீட்டோடு, கார் விடுவதற்கு ஒரு மரக் கொட்டகை இருந்தது. என் கணவர் அதன் கூரையை வேலிப்பக்கம் கொஞ்சம் நீட்டி, பின்பாதியைப் பலகை அடித்து மறைத்து, ஒரு யன்னலும் வைத்து, காஸ் அடுப்பையும் பூட்டித் தந்தார். ஜக்கெற்றில் கறி மணக்கிறது என்று மகள் பள்ளிக்கூடத்தால் அழுதுகொண்டு வந்த காலத்தில் செய்தது. மீன் பொரிப்பது, கறித்தூள் வறுப்பது எல்லாம் அதற்குள்தான். வெளிக்குசினி என்று சொல்லுவோம்.

அடுக்குமாடியில் இருக்கிற எங்கள் பெண்களுக்கு மிளகாய் வறுக்க வழியில்லை. புகைக்கு மணி அடிக்கும், மேல்வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். முதலில் ஒருத்தி செத்தல் மிளகாயும் மல்லியும் கொண்டு என்னிடம் வந்தாள். பிறகு அவள் மற்றவர்களையும் கூட்டி வந்தாள். நான் ஆட்களோடு கதைக்கக் கூச்சப்படுகிறவள். கோயிலிலும் கலியாண வீட்டிலும் சுவரோரக் கதிரையில் இருந்துவிட்டு எழும்பி வந்துவிடுவேன். வெளிக்குசினியில் அப்படியில்லை. அகப்பை கையில் இருந்தால் ஒருவர் முகத்தையும் பார்க்கத் தேவையில்லை. தாச்சியைக் கிண்டிக்கொண்டு அவர்கள் கதையைக் கேட்பேன். சில நேரம் நானும் ஒன்றிரண்டு சொல்வேன், அவர்கள் சிரிப்பார்கள்.

இங்கே அரசாங்கக் கடிதங்கள் கைத்தொலைபேசிக்குள்தான் வரும். கணவர் அதைத் திறந்து பார்க்கிறவர் அல்ல. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்த மகள்தான் பார்த்தாள். எல்லையிலிருந்து இரண்டரை மீற்றருக்குள் அடுப்பும் யன்னலுமாக ஒரு அறை இருக்கக்கூடாதாம். சரிப்படுத்தச் சொல்லிக் கொம்யூன், அதுதான் இங்கத்தை நகரசபை, முதலே எழுதியிருக்கிறதாம். செய்யாதபடியால் இப்போது தண்டமாம்.

அவர் அன்றைக்கே தண்டத்தைக் கட்டிவிட்டார். கட்டின சந்தோஷத்தில் வெளிக்குசினிக்குப் பச்சைப் பெயின்றும் அடித்தார். காரைப் பிழையான இடத்தில் விட்டதற்குக் கட்டுகிற காசு மாதிரி, கட்டினால் விஷயம் முடிந்தது என்பது அவருடைய எண்ணம்.

"காசை வாங்கினவங்கள் இனி என்னெண்டு கழட்டச் சொல்லுறது?" என்று என்னிடம் கேட்டார்.

அடுத்த கிழமை இன்னொரு தண்டம் வந்தது. மறந்துபோய் இரண்டாம் தரம் அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்துப் பற்றுச்சீட்டையும் கொண்டு கொம்யூனுக்குப் போனார். அறை சரியாகும் வரைக்கும் கிழமைக்குக் கிழமை வரும் என்று அங்கே விளங்கப்படுத்தினார்களாம். வீட்டுக்கு வந்தவர் சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் இருந்தார்.

பிறகு கொம்யூனிலிருந்து ஒரு பெண் அளக்க வந்தாள். என் மகளின் வயதிருக்கும். பக்கத்து வீட்டுக் கிழவர்தான் முறைப்பாடு செய்தார் என்று என் கணவர் தன்பாட்டில் முடிவு கட்டி, அவருக்குக் கை காட்டுவதையே நிறுத்தியிருந்தார். ஒருவரும் முறைப்பாடு செய்யவில்லை, மேலே விமானத்திலிருந்து எடுக்கிற படத்தில் கூரை நீண்டிருப்பது தெரிந்தது என்று அந்தப் பெண் சொன்னாள். கணவர் கொஞ்ச நேரம் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

இது யாருடைய குசினி என்று அவள் கேட்டாள். கணவரும் அன்றைக்கு வந்து நின்ற மகளும் ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்கினார்கள். அவர், தான் எப்படிக் கட்டினேன் என்பதை; மகள், தான் வேண்டாம் என்று சொன்னதை. நான் கதவுக்குப் பின்னால் நின்று, என்னுடையது என்று டெனிஷில் சொன்னேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டுவிட்டது. என் பக்கம் திரும்பி, எனக்கு விளங்குகிற சின்னச் சொற்களில் மெதுவாகச் சொன்னாள். அடுப்பை எடுத்து, வேலிப்பக்க யன்னலை அடைத்துவிட்டால் இது சாமான் வைக்கிற கொட்டில்தான், நிற்கலாம். அடுப்பு வேண்டுமென்றால் புல்லுக்கு நடுவே வெட்டவெளியில் வைக்கலாம், எல்லோரும் கோடையில் இறைச்சி சுடுகிற மாதிரி.

ஆனால் அதற்குள் ஆடி மாதம் கிட்டிவிட்டது. ஆடியில் நாங்கள் வீட்டு வேலை ஒன்றும் தொடங்கமாட்டோம்.

"ஆடியில அடுப்பில கை வைக்கேலாது. ஆவணி பிறக்கட்டும்," என்றார் கணவர்.

"அப்பா, கொம்யூனுக்கு ஆடி தெரியாது," என்றாள் மகள்.

"அவங்களும் யூலையில வேலை செய்யிறேல்லைத்தானே?"

"அவங்கள் லீவில போவாங்கள். தண்டம் லீவில போகாது."

மகள் கோபித்துக்கொண்டு போனபிறகு அவர் இன்னொன்று சொன்னார். ஆவணி வந்ததும் எல்லாவற்றையும் பிடுங்கி எறியப்போகிறாராம், இனித் தூள் வறுக்க ஒருவரையும் வரவேண்டாம் என்று நான் சொல்லிவிடட்டாம். அவரையும் குறை சொல்ல ஏலாது, தண்டம் போவது அவருடைய பென்சனில். ஆனால் வெளிக்குசினி இல்லாவிட்டால் என் வீட்டுக்கு எவள் வரப்போகிறாள்? தேத்தண்ணி குடிக்க வா என்று ஒருத்தியைக் கூப்பிடுகிற வாய் எனக்கு இல்லை.

ஆடிப்பிறப்பு வந்தது. அன்றைக்கு நான் எப்போதும் கூழ் காய்ச்சுவேன். நல்ல வெயில். கணவர் கடைக்குப் போன நேரம், முதன்முதல் மிளகாய் கொண்டு வந்தவளுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"கூழ் காய்ச்சப்போறன். அடுப்பை வெளியில தூக்க ஒரு கை வேணும்," என்றேன்.

"என்னக்கா, அண்ணை உங்களை வெளியில விட்டுட்டாரோ?" என்று பகிடி விட்டபடி வந்து சேர்ந்தாள்.

இரண்டு பேருமாக அடுப்பைத் தூக்கிப் புல்லுக்கு நடுவே கல்லுகள் பரப்பி வைத்தோம். பயறு அவிந்து, பனங்கட்டி கரைந்து, தேங்காய்ப்பால் விடுகிற நேரம் கணவர் வந்தார்.

"அடுப்பை ஏன் வெளியில கொண்டந்தனி?"

"கூழுக்கு."

ஆடிப்பிறப்பன்று கூழ் காய்ச்சாதே என்று சொல்ல அவரால் முடியாது. வாங்கி இரண்டு குவளை குடித்தார். பின்னேரம், அடுப்பை உள்ளே கொண்டுபோய் வைக்கட்டுமா என்று கேட்டார்.

"ஆடியில அடுப்பில கை வைக்கேலாது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்," என்றேன்.

வந்தவள் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். அவர் என்னைப் பார்த்தார். பிறகு குவளைகளைக் கழுவப் போனார்.

அடுத்தநாள் யன்னலுக்குப் பலகை அடித்தவரும் அவர்தான். அது திருத்த வேலை, புது வேலை இல்லையாம். மகள் படம் எடுத்துக் கொம்யூனுக்கு அனுப்பினாள். விடுமுறை முடிந்து, சரி என்று பதில் வந்தது. அதோடு தண்டம் நின்றது. கட்டின காசு திரும்பி வரவில்லை, கட்டாமல் மிஞ்சிக் கிடந்த கடைசித் தண்டத்தை விட்டுவிட்டார்கள்.

இப்போது தூள் வறுப்பது புல்லில்தான். காற்றையும் மழையையும் பார்த்து நாள் குறிக்க வேண்டும். அந்த நாளை மற்றவர்களுக்குத் தொலைபேசியில் நான்தான் சொல்கிறேன். வருகிற பெண்கள் ஜக்கெற்றுகளைக் கொட்டிலுக்குள் தொங்கவிட்டுவிட்டு, குளிரில் அடுப்பைச் சுற்றி நெருக்கமாக நிற்பார்கள். மாரியில் மாதக்கணக்கில் ஒருவரும் வருவதில்லை. அதற்கு ஒன்றும் செய்ய ஏலாது.

கொம்யூன் சொன்னதை எனக்கு விளங்கின அளவில்தான் எழுதியிருக்கிறேன். இரண்டரை மீற்றர் என்பது சரியா, அடுப்புக்கு வேறு சட்டம் இருக்கிறதா, மிஞ்சின தண்டத்தை எல்லோருக்கும் விடுவார்களா என்பதெல்லாம் எனக்கு நிச்சயமில்லை. இந்த விஷயம் தெரிந்த யாராவது ஒருதரம் வாசித்துப் பார்த்துத் திருத்திவிடுங்கள். என் எழுத்தை நம்பி ஒருவரும் பலகை அடிக்கத் தொடங்கிவிடக்கூடாது.