கூடவே எழுந்த பாதம்

பைக்கிலிருந்து விழுந்ததில் என் கால் நரம்பு அறுந்தது. தைத்தார்கள், பாதம் எழும்பவில்லை. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் எனக்குப் பிசியோதெரபி கொடுத்த அம்மாளுக்கு ஓயாத கொட்டாவி. "தூக்குங்க" என்னும்போதெல்லாம் செருப்போடு அவர் பாதமும் எழும். என்னுடையது விருந்துக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி படுத்தே கிடக்கும்.

"நரம்பு வளரட்டும்மா, அதுவரைக்கும் சதையைச் சும்மா விடுங்களேன்" என்றேன்.

"மேட்டூர்ல திறந்துட்டா போதுமாங்க? உங்க வாய்க்கால் தூர்ந்து கிடந்தா தண்ணி வருமா? சதையும் உள்ளேருந்து கூப்பிடணும், இடம் பண்ணிக் கொடுக்கணும். அப்பத்தான் நரம்பு வந்து ஒட்டும். தூக்குங்க."

வாய்க்காலை வெட்டாமல் அரசாங்கத்தைத் திட்டும் கடைமடை விவசாயி நான். மறுபடி தூக்கப் பார்த்தேன்.

ஒருநாள் என் கால் கட்டைவிரல் அசைந்தது. கொட்டாவிக்கு நடுவே சிரித்தவர், அடுத்த கட்டிலுக்குப் போய் "தூக்குங்க" என்றார். அவர் பாதமும் எழுந்தது. ஊரார் கால்களையெல்லாம் தூக்கும் அந்தக் கால் வலிக்காதா? கேட்காமலே வந்துவிட்டேன்.