நீங்கள் ஆரின்ரை பிள்ளை?

அண்ணையின் கையை வெட்ட வந்தவர்கள் ஒருவரிடமும் வழி கேட்கவில்லை. உரும்பிராய்ச் சந்தியில் இறங்கி எங்கள் ஒழுங்கைக்குள் நுழைகிற புது ஆள் குறைந்தது மூன்று பேரிடமாவது வழி கேட்க வேண்டும். அந்த மூன்று பேரும் "நீங்கள் எந்த இடம், ஆரின்ரை பிள்ளை?" என்று துருவி அறிந்த பிறகுதான் கையை நீட்டி வழி காட்டுவார்கள். அன்று நான்கு மோட்டார் சைக்கிள்களில் வந்த எட்டுப் பேர், பட்டப்பகலில், இரண்டாவது ஒழுங்கை, நீலத் தண்ணீர்த்தாங்கிக்கு அடுத்த வீடு என்று பிசகாமல் போய் இறங்கினார்கள். அவர்களுக்கு வழி சொன்னவள் நான். எனக்கே தெரியாமல் சொல்லியிருந்தேன்.

அண்ணை என் கூடப்பிறந்தவர் இல்லை. பக்கத்து வளவில் வெங்காயத் தோட்டம் செய்கிறவர். என் கடைக் கூரைத் தகரம் காற்றுக்குப் பறந்த அன்று, நான் கூப்பிடாமலே ஏணியோடு வந்து நின்றார். அன்று தொடக்கம் அண்ணை. சந்தியில் போட்டோக் கொப்பி எடுக்கிற கடை என்னுடையது. தட்டச்சும் செய்து கொடுப்பேன். சபைக் குடும்பத்தில் பிறந்து, ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகிறவள்தான். ஆனாலும் கோபம் எனக்கு மூக்கு நுனியில். பள்ளிக்கூடத்தில் என்னை அடித்த எவளும் திருப்பி வாங்காமல் வீடு போனதில்லை.

நான் இணையத்தில் ஒரு கருத்துக்களம் தொடங்கியதும் ஒரு கோபத்தில்தான். ஊருக்கென்று கைப்பேசியில் ஒரு குழு இருந்தது. விடிந்தால் காலை வணக்கப் பூக்கள், பிறகு சமையல், பிறகு ஆருடையவோ பேரப்பிள்ளை ஆடுகிற ஆட்டம். முதல் நாள் போட்ட மரண அறிவித்தல் அந்தக் குப்பைக்கு அடியில் போய்விடும். என் சொந்தச் சித்தப்பா செத்ததை நான் எட்டாம் நாளும் கழிந்த பிறகு அறிந்தேன். அன்றைக்கே முடிவெடுத்தேன்: செத்தவீட்டுக்கு ஒரு பகுதி, காணிக்கு ஒரு பகுதி, தோட்டத்துக்கு ஒரு பகுதி என்று ஒழுங்காகப் பிரித்த ஒரு களத்தை இணையத்தில் நானே நிறுவுவேன்.

எனக்கு அந்த வேலையில் ஆனா ஆவன்னாவும் தெரியாது. காணொளிகளைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். இணைய வழங்கியில் இடம் வாங்கி, மென்பொருளை ஏற்றி, தமிழில் முதல் வரியைப் போட்டால் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாக வந்து நின்றது. விசைப்பலகைக்கு ஓர் அறை விட்டேன். ஒரு விசை தெறித்துப் போய்க் கதிரைக்குக் கீழே விழுந்தது. மூன்று கிழமை கழித்து "வணக்கம்" என்று சரியாக வந்தபோது கடையில் தனியே இருந்து அழுதேன், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பதிவுப் படிவத்தில்தான் பிழை விட்டேன். அந்த மென்பொருள் புனைபெயரும் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் மட்டும் கேட்டது. எங்கடை சனத்துக்கு அது போதுமா? ஆரென்று தெரியாத ஒருவனோடு என்ன கதைக்கிறது? ஆகவே மூன்று கேள்விகளை நானாகச் சேர்த்தேன். ஆரின்ரை பிள்ளை? எந்த ஒழுங்கை, எந்த வீடு? வெளிநாட்டில் இருந்தால், இங்கே உள்ள உறவுக்காரரின் வீடும் தொலைபேசியும்? பெருமையாகவும் இருந்தது. கள்ளப் பெயரில் ஒருவனும் நுழைய முடியாது. பதில்கள் நிர்வாகியான எனக்கு மட்டும் தெரியும் என்று நினைத்தேன். ஒவ்வொரு கேள்விக்குப் பக்கத்திலும் ஒரு சின்னக் கட்டம் இருந்தது. மற்றவர்களுக்குக் காட்டாதே என்று அதில் ஒரு சரி போட வேண்டும். நான் போடவில்லை. களத்தை எப்போது திறந்தாலும் நிர்வாகியாகத்தான் திறந்தேன். வெளி ஆளாக வெளியேறி நின்று ஒருநாளும் பார்த்ததில்லை.

அண்ணை "வெங்காயம்" என்ற பெயரில் பதிந்தார். வெளிநாட்டில் இருந்து ஒருவர் "ஊர்க்குருவி" என்று பதிந்தார். அவருடைய குடும்பம் ஊரை விட்டுப் போய் நெடுங்காலம். இங்கே எவருக்கும் அவர் முகம் தெரியாது. முதலில் நல்லாகத்தான் எழுதினார், பள்ளிக்கூட நினைவுகள், கிணற்றில் குதித்த கதைகள். பிறகு எங்கள் ஒழுங்கையின் முடிவில் இரண்டு பக்கக் காணியையும் ஆள் வைத்து வாங்கினார். ஒழுங்கைக்குக் குறுக்கே மதில் எழும்பியது. தோட்டத்துக்கும் சுடலைக்கும் போகிற பாதை அதுதான். அண்ணை எழுதினார்: "பொது ஒழுங்கையை மறிச்சிருக்கிறாய். இனிச் செத்தவனை மதிலுக்கு மேலாலையோ எறியிறது?"

அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. ஊர்க்குருவி அண்ணையின் தோட்டத்தை இழுத்தார்; அண்ணை அவருடைய தகப்பனை இழுத்தார். ஐந்து நாடுகளில் இருந்து ஆட்கள் வந்து இரண்டு பக்கமும் எண்ணெய் ஊற்றினார்கள். அந்த உரையாடல் திரியை மூடுவதற்கு ஒரு பொத்தான் இருந்தது. என் சுண்டுவிரல் போதும். நான் மூடவில்லை. சண்டை சூடு பிடிக்கப் பிடிக்கக் களத்துக்கு ஆள் கூடியது, எனக்கு ருசி கண்டுவிட்டது. "உன்ரை கையை முறிச்சால் நீ எழுதமாட்டாய்" என்று ஊர்க்குருவி எழுதியபோதுகூட வாய்வீரம் என்றுதான் நினைத்தேன். அதை நீக்காமல், எல்லாரும் பார்க்கட்டும் என்று அந்தத் திரியைக் களத்தின் உச்சியில் கொண்டுபோய் ஒட்டினேன்.

ஒட்டிய நான்காம் நாள் மத்தியானம் கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டது. ஒன்று இல்லை, வரிசையாக. நான் கடையைப் பூட்டாமல் ஓடினேன். அண்ணையின் படலை கழன்று ஒழுங்கையில் கிடந்தது. முற்றத்தில் அவருடைய மோட்டார் சைக்கிள் எரிந்துகொண்டிருந்தது. முகத்தில் துணி கட்டிய இரண்டு பேர் யன்னல்களை வாளால் அடித்து நொறுக்கினார்கள். குசினிக்குள் இருந்து "எழுதுவியோடா? இனி எழுதுவியோ?" என்று ஒரு குரல் திரும்பத் திரும்பக் கேட்டது. அண்ணையின் மனைவி உலக்கையால் ஒருவனின் முதுகில் போட்டாள். அவன் திரும்பி அவளை வயிற்றில் உதைத்தான். நான் வாசலில் கிடந்த ஓட்டுத் துண்டை எடுத்து எறிந்தேன்; அது ஆரிலும் படவில்லை. ஐந்து நிமிடம் இருக்காது. மோட்டார் சைக்கிள்கள் உறுமிக்கொண்டு போய்விட்டன.

அண்ணை குசினிக்குள் வெங்காயப் பிடிகளுக்கு நடுவே குந்தியிருந்தார். முகத்தைக் காக்க வலது கையைத் தூக்கியிருக்கிறார். மூன்று விரல்கள் இல்லை. கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இரத்தத்துக்குள் முழங்காலில் ஊர்ந்து இரண்டு விரல்களைக் கண்டெடுத்தேன். மூன்றாவது அகப்படவில்லை. கூல்பாரில் ஐஸ் வாங்கி, ஐஸ்கிறீம் டப்பாவுக்குள் போட்டு மடியில் வைத்துக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். நசிந்துபோய் இருந்தபடியால் அவற்றை ஒட்ட முடியவில்லை.

ஆஸ்பத்திரி விறாந்தையில் அண்ணையின் மனைவி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "எப்பிடியடி அவங்களுக்கு வீடு தெரிஞ்சது? சந்தியிலை ஒருத்தரிட்டையும் கேக்கேல்லையாம். எப்பிடியடி?"

எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து கணினிக்கு முன்னால் இருந்தபோதுதான் அந்த எண்ணம் வந்தது. முதல் தடவையாகக் களத்தில் இருந்து வெளியேறி, வெளி ஆளாகத் திறந்தேன். "வெங்காயம்" என்ற பெயரை அழுத்தினேன். இன்னாரின் மகன். இரண்டாவது ஒழுங்கை. நீலத் தண்ணீர்த்தாங்கிக்கு அடுத்த வீடு. எல்லாம் பளிச்சென்று கிடந்தது, உலகத்தில் உள்ள எவனும் வாசிக்கலாம். நிர்வாகியாகத் திரும்ப நுழைந்தேன். பிறகு மூன்று கட்டங்களிலும் சரி போட்டேன்.

பொலிசுக்கு எல்லாவற்றையும் அச்சடித்துக் கொடுத்தேன். எழுதிக்கொண்டார்கள். ஊர்க்குருவி வெளிநாட்டில், வெட்டியவர்களின் முகம் துணிக்குள். அதற்கு மேல் ஒன்றும் நகரவில்லை.

ஒரு கிழமை கழித்துக் காலையில் அண்ணையின் மச்சான் கடைக்கு வந்தான், மனைவியின் தம்பி. லொறி ஓட்டுகிறவன். உரச்சாக்கில் சுற்றிய ஒன்றைக் கக்கத்தில் வைத்திருந்தான். அது என்னவென்று கேட்கத் தேவை இருக்கவில்லை.

"அக்கா, அந்த நாய்க்கு இஞ்சை ஆரும் இருக்கினமோ?"

"எனக்குத் தெரியாது, தம்பி."

"பொய் சொல்லாதேங்கோ. எல்லாரிட்டையும் எழுதி வாங்கினனீங்கள்தானே. அத்தான் சோத்தைப் பிசையிறதுக்கும் அக்காவைக் கூப்பிடுறார். நீங்கள் அந்தப் பெட்டியைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருங்கோ."

அவனை அனுப்பியிருக்கலாம். சாமர்த்தியமாக நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் ஐஸ்கிறீம் டப்பாவின் குளிர் இன்னும் என் மடியில் இருந்தது. அந்த நேரம் எனக்கும் ஆரையாவது வெட்ட வேண்டும்போல இருந்தது, அதை மறைத்து என்ன? ஊர்க்குருவியின் பக்கத்தைத் திறந்து, திரையை அவன் பக்கம் திருப்பினேன். உறவுக்காரர்: அக்கா, நெல்லியடி, சந்தைக்குப் பின் ஒழுங்கை, தையல் பலகை தொங்குகிற வீடு. வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு அவன் மோட்டார் சைக்கிளை உதைத்தான்.

அவன் சந்தியால் திரும்பிய பிறகுதான் திரையில் இருந்ததை நான் வாசித்தேன். தையல் பலகை. வீட்டில் இருந்து தைக்கிற ஒரு பெண். படிவத்தில் இலக்கம் இருந்தது. எடுத்தேன். முதல் தடவை மணி அடித்து நின்றது. இரண்டாம் தடவை எடுத்தாள். பின்னால் தையல் மெசின் ஓடுகிற சத்தம் கேட்டது.

"அக்கா, உடனை வீட்டைப் பூட்டிப்போட்டு வெளிக்கிடுங்கோ. ஒராள் கத்தியோடை வாறான். உங்கடை தம்பியின்ரை பிரச்சினை."

மெசின் நின்றது. அவள் அலறவில்லை. "ஆர் கதைக்கிறது? நீங்கள் ஆரின்ரை பிள்ளை?" என்று கேட்டாள்.

பெயரில்லாமல் சொல்லிவிட்டு வைத்துவிடலாம் என்றுதான் இலக்கத்தை அழுத்தியிருந்தேன். பெயரில்லாதவளின் பேச்சைக் கேட்டு எந்தப் பெண் வீட்டை விட்டு ஓடுவாள்? சொன்னேன். அப்பாவின் பெயர், ஊர், சந்தியில் எந்தக் கடை. நான் மற்றவர்களிடம் கேட்டதையெல்லாம் அன்றைக்கு நான் சொன்னேன். "ஓம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள்.

அவன் போனபோது வீட்டில் ஒருவரும் இல்லை. கதவை உடைத்து, துணிகளை வெட்டி, தையல் மெசினை முற்றத்தில் போட்டுக் கொளுத்திவிட்டு வந்தான். அன்று பின்னேரமே கருத்துக்களத்தை அடியோடு அழித்தேன். மதில் அப்படியே நிற்கிறது.

மூன்று கிழமைக்குப் பிறகு ஒரு பெண் கடைக்கு வந்து ஒரு தாளை நீட்டினாள். "இதிலை ரெண்டு கொப்பி." கண்ணாடியில் வைக்கிற எதையும் வாசிக்கிற பழக்கம் எனக்கு. பொலிஸ் முறைப்பாடு. எரிந்த தையல் மெசின் ஒன்று. நெல்லியடி. நான் நிமிர்ந்தேன்.

"நீங்கள்தானே போன் எடுத்தது?"

"ஓம்."

"நன்றி சொல்லவெண்டுதான் வெளிக்கிட்டனான். அவனோடை நான் கதைச்சு ஆறு வருசம். என்ரை வீட்டை அவன் எங்கையோ எழுதிக் குடுத்தது எனக்குத் தெரியவே தெரியாது. பஸ்ஸிலை வரேக்கைதான் யோசிச்சன். கத்தியோடை ஒருத்தன் வெளிக்கிட்டது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

ஊரெல்லாம் கதைத்தார்கள் என்று ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது.

"நான்தான் உங்கடை விலாசத்தை அவனுக்குக் காட்டினனான்."

மேசைக்கு மேலால் எட்டி என் கன்னத்தில் அறைந்தாள். காது கூவியது. என் கை தன்பாட்டில் எழும்பியது. பாதியில் அதை இழுத்து மேசை விளிம்பைப் பிடித்தேன்.

"ரெண்டு கொப்பி" என்றாள்.

முதல் தாள் கோணலாக வந்தது. அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, திரும்ப இரண்டு எடுத்துக் கொடுத்தேன்.