சுங்கை சிப்புட் ஜூலியா

பெயர் வைக்கும் வீட்டில் பெயர் கிடைக்காமல் உட்கார்ந்திருக்கிறீர்களா? போன ஞாயிறு சுங்கை சிப்புட்டில் நான் உட்கார்ந்திருந்தேன்.

நண்பர் சேகரன் லோரி ஓட்டுகிறவர். மனைவி சரோஜா. காதல் கல்யாணம் — வீட்டை விட்டு ஓடிவந்து செய்துகொண்டது. சரோஜாவின் அப்பா ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியாராக இருந்தவர். அன்றிலிருந்து மகளோடு பேச்சே கிடையாது. பேத்திக்குப் பெயர் வைக்கிறார்கள் என்றதும் வந்துவிட்டார். வந்தார்... ஆனால் மகள் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த சாமி படங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தாத்தா குழந்தையின் காதில் பெயரைச் சொல்லிவிட்டால் கோபம் தீர்ந்துவிடும் என்று சரோஜாவுக்கு ஒரு நம்பிக்கை. பாவம், காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

குழந்தைக்குத் திருவோணம். 'ஜூ'வில் பெயர் தொடங்க வேண்டும் என்று ஐயர் சொல்லிவிட்டார். ஜூவுக்கு எங்கே போவது? ஆளாளுக்கு மோட்டுவளையைப் பார்த்தோம்.

"அண்ணே, நீங்கதான் ஈப்போவுல பாதிரியார்கிட்ட லத்தீன்லாம் படிச்சவரு. ஒன்னு சொல்லுங்கலா!" என்றார் சேகரன்.

"ஜூலியா," என்றேன்.

பெரியவர் திரும்பினார். "வெள்ளக்காரன் பேருலா அது?"

"அதுக்கும் முந்தி, ரோமாபுரிப் பேருங்க ஐயா. அங்க ஜூலியஸ்னு ஒரு குலம். ஆம்பளைக்கு ஜூலியஸ், பொண்ணுக்கு ஜூலியா. வீனஸ் தேவி வழி வந்தவங்கன்னு சொல்லிக்குவாங்க."

குலம், தேவி என்றதும் மனிதர் கொஞ்சம் இளகினார். "ஒரு வீட்டுல நாலு பொண்ணு இருந்தா?"

"நாலும் ஜூலியாதான்!"

"அட! ஒருத்திய கூப்பிட்டா நாலு பேரும் வந்து நிப்பாளுங்களே!"

எல்லோரும் சிரித்தோம். அவரும்தான்.

"சரி, கட்டிக் குடுத்துட்டா பேரு மாறிடுமா?"

"மாறாதுங்க. எங்க போனாலும் அப்பன் குலத்துப் பேருதான்."

பெரியவர் தாடையைத் தடவினார். பிறகு மெதுவாக — "ஓடிப்போய்க் கட்டிக்கிட்டாலுமா?"

கேசட்டில் ஓடிய நாதஸ்வரத்தை யாரோ நிறுத்தினார்கள். சேகரன் தரையைப் பார்த்தார்.

"கட்டிக்கிட்டாலும்தான்!" என்றேன், ரோமாபுரியிலேயே பிறந்து வளர்ந்தவன் மாதிரி.

"சரோஜா... புள்ளைய இப்படிக் கொண்டா."

அவள் அழுதுகொண்டே கொண்டுபோனாள். ஜூலியா, ஜூலியா, ஜூலியா... குழந்தையின் காதில் மூன்று முறை சொன்னார். நான் பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

ஓடிப்போன பெண்களைப் பற்றி லத்தீன் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது? சத்தியமாக எனக்குத் தெரியாது. ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் செய்யலாமாம்... பெயர் வைக்க ஒன்று கூடாதா?